கூரையும் குளிருமா?

மாணவர்களே! சித்திரை மாதத்தில் ஓர் இரவு, எட்டு மணிக்கு நாற்காலியின்மேல் ஏறி, மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையின் உட்கூரையைத் தொட்டுப் பாருங்கள். வெயில் மறைந்து வெகு நேரமாகியும் அது சுடும். பகலெல்லாம் தளம் உறிஞ்சிய வெப்பம் மெல்ல இறங்கி, நாம் உறங்கப் போகும் வேளையில் அறைக்குள் வந்து சேருகிறது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையைப் பற்றிக் கூறும், வீரராஜேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ள கோயில் இது. இத்தகைய கற்கோயில்களின் உட்புறம் நண்பகலிலும் குளுமையாக இருப்பது ஏன்? கருங்கல் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். ஆனால் சுவரின் தடிமன் மிகுதி. வெப்பம் உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

நாம் குடியிருக்கும் வீட்டை அவ்வளவு கனமான கல்லால் கட்ட முடியாது. காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்பவர்களோ பகல் முழுவதும் அந்தக் கூரையின்கீழ்தான் உட்கார வேண்டும். இதற்கு வழி என்ன?

ஒரு சிறு கணக்கு

15 செ.மீ. கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60° செல்சியஸ், அறை 35° செல்சியஸ் எனக் கொள்வோம். தளத்தின் தடையோடு அதன் அடியிலுள்ள காற்றுப் படலத்தின் தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு சதுர மீட்டர் வழியாக ஏறத்தாழ 95 வாட் வெப்பம் இறங்கும். 10 சதுர மீட்டர் அறைக்கு இது 950 வாட்! ஓர் இஸ்திரிப் பெட்டி தலைக்குமேல் ஓயாமல் சூடேறிக் கொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

அதே தளத்தின்மேல் 5 செ.மீ. தெர்மோகோல் பரப்பினால் 95 வாட் என்பது சுமார் 15 வாட்டாகக் குறைந்துவிடும். தெர்மோகோலில் பெரும் பகுதி, சிறு அறைகளில் அடைபட்ட காற்றேயாகும். அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். 5 செ.மீ. தெர்மோகோல் செய்யும் வேலையைக் கான்கிரீட் செய்ய வேண்டுமானால் 2 மீட்டருக்கு மேல் தடிமன் தேவை!

பலகைகளால் ஒரு வீடு

இத்தகைய பொருளை இரு உறுதியான தகடுகளுக்கு நடுவே வைத்துத் தொழிற்சாலையிலேயே பலகைகளாகச் செய்துவிடலாம். தெர்மோகோல் எளிதில் தீப்பிடிக்கும். ஆகையால் அதை வெளியே தெரியவிடக் கூடாது. இந்தூரில் அரசின் மாதிரித் திட்டமொன்றில் 1,024 வீடுகளுக்கு இவ்வகை அடுக்குப் பலகை முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே திட்டத்தில், சென்னை பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட் பகுதிகளை இணைத்துக் கட்டிய 1,152 வீடுகள் 2022இல் திறக்கப்பட்டன.

சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013இல் கட்டப்பட்ட இரண்டடுக்கு மாதிரி வீடு வேறொரு வகை. உர ஆலைகளில் கழிவாகக் குவியும் ஜிப்சத்துடன் கண்ணாடி இழை சேர்த்த, உள்ளே வெற்றிடங்கள் கொண்ட பலகைகள் அதன் சுவர்களாயின. கட்டி முடிக்க ஏறத்தாழ ஒரு மாதமே ஆயிற்று.

கூரைமேல் புல்வெளி

செடிகள் கூரைக்கு நிழல் தருவதோடு நீரையும் ஆவியாக்குகின்றன. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. ஒரு சதுர மீட்டரில் பகல் 10 மணி நேரத்தில் ஒரு லிட்டர் ஆவியானால், வினாடிக்கு 67 ஜூல் வீதம் வெப்பம் அகற்றப்படுகிறது. 2004இல் அப்துல் கலாம் அவர்கள் ஐதராபாத்தில் திறந்து வைத்த பசுமைக் கட்டட மையத்தின் மேற்கூரையில் பாதிக்கு மேல் தோட்டமே.

ஆனால் உடனே மாடியில் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்! 10 செ.மீ. ஈர மண் சதுர மீட்டருக்கு 180 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. சாதாரண மொட்டைமாடி சுமார் 150 கிலோ கூடுதல் சுமைக்கே கணக்கிடப்படுகிறது. வேர் தளத்தைத் துளைக்காமலும் நீர் கசியாமலும் தடுப்புகள் வேண்டும். பொறியாளரைக் கேட்டே தொடங்க வேண்டும். கோடையில் நீர் அரிதான நம் ஊர்களுக்கு வறட்சி தாங்கும் செடிகளே ஏற்றவை.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று தகர டப்பாக்களை வெயிலில் வையுங்கள். முதலாவதை அப்படியே விடுங்கள். இரண்டாவதன் மூடிமேல் தெர்மோகோல், மூன்றாவதன் மூடிமேல் ஈரச் சாக்கு. அரை மணிக்கொரு முறை உள்ளே வெப்பமானியை வைத்து அளவுகளைக் குறித்து, வரைபடம் வரையுங்கள். சாக்கு காய்ந்த பிறகு மூன்றாவது கோடு எப்படி மாறுகிறது? காரணத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.