இரண்டு டீமிலும் கூஃபிதான்!

அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்தாலே தலை சுத்துதா? நாலு வாய்ப்புக்குள்ள 10 கெஜம் முன்னேறணும். இல்லைன்னா பந்து எதிரணிக்குப் போயிடும். அடிப்படை இவ்வளவுதான். ஆனா, நம்ம கண்ணுக்குத் தெரியுறது என்னவோ ஹெல்மெட் போட்டவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து கிடக்கிற குவியல்தான்!

அந்தக் குவியலையே காமெடியாக்கியது, 1944-ல் வெளியான டிஸ்னியின் 'ஹவ் டு ப்ளே ஃபுட்பால்'. ஜாக் கின்னி இயக்கிய குட்டி கார்ட்டூன். இரண்டு கல்லூரி அணிகள் மோதுகின்றன. இரண்டு பக்கமும் வீரர்கள் எல்லாருமே கூஃபி!

சிரிப்புக்கான சூட்சுமம், வர்ணனைக் குரலில் இருக்கு. வாத்தியார் பாடம் நடத்துற மாதிரி அது ஆட்டத்தை சீரியஸா விளக்கிக்கிட்டே போகும். படத்தில் நடப்பதோ அதுக்கு நேரெதிர். அந்தக் குரல் சிரிக்காது. அதனாலதான் நாம சிரிக்கிறோம்.

படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. விருதைத் தட்டிச் சென்றது, டாம் அண்ட் ஜெர்ரியின் 'மவுஸ் ட்ரபிள்'.

ஃபுட்பால் விதி ஒண்ணுகூடத் தெரியாதவங்களும் இதை ரசிக்கலாம். ஏன்னா, கிண்டல் விதிகளை மட்டுமில்ல... ஜெயிச்சே ஆகணும்கிற வெறியையும்தான். அது நமக்கும் நல்லாவே தெரியுமே!