கோடு மறைந்தால் போதுமா?

சூரை மீன் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடித்தால், ‘மீன் ஒத்துக்கிடல’ என்று சொல்லி விட்டுவிடுவோம். பல நேரம் குறை மீனுக்கு ஐஸ் போதாமல் போனதில்தான். சூரை, அயிலை, சாளை போன்றவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் குளிர் தப்பிக் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் வரம்பு. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யும் தூத்தூர்ப் பக்கத்து விசைப்படகுகளுக்கு டீசலைப் போலவே ஐஸும் உயிர்.

மீன் வழியே வந்தாலும், உடம்பே சுரந்தாலும், செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டினால்தான் ஹிஸ்டமின் வேலை செய்யும். ஏற்பிகள் நான்கு வகை. அரிப்புக்கும் தும்மலுக்கும் எச்1. நாம் போடும் செட்டிரிசின் மறிப்பது இதைத்தான். வயிற்று அமிலத்துக்கு எச்2. அதை மறிக்கும் மருந்தைக் கண்ட ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எச்3 பெரும்பாலும் மூளையில். கடைசியாகத் தெரியவந்த எச்4 நோயெதிர்ப்புச் செல்களில். சிக்கல் இந்த நான்காவதில்தான்.

எந்தத் திசுவில் எந்த ஏற்பி இருக்கிறது என்று பார்க்க ஆன்டிபாடி வேண்டும். ஏற்பியின் ஒரு துண்டை, பத்திருபது அமினோ அமில நீளத்தில், பெப்டைடாகச் செய்து, பெரிய புரதம் ஒன்றோடு இணைத்து முயலுக்கு ஊசி போடுவார்கள். முயலின் ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடி அந்தத் துண்டைத் தேடிப் பிடிக்கும். திசுவின் புரதங்களை ஜெல்லில் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியில் ஊறவைத்தால் ஒட்டிய இடம் கோடாகத் தெரியும்.

அந்தக் கோடு ஏற்பிதானா? இங்கேதான் தடுப்புப் பெப்டைடு வருகிறது. முயலுக்குக் கொடுத்த அதே துண்டு. ஆன்டிபாடியின் எடையைப் போல ஐந்து, பத்து மடங்கு எடுத்து, முன்கூட்டியே அதோடு கலந்து வைப்பார்கள். வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்தவன் பந்தியில் உட்கார்ந்தாலும் இலையில் கை வைக்க மாட்டான். பெப்டைடு ஒட்டிய ஆன்டிபாடியும் அப்படித்தான். ஒரு சவ்வில் வெறும் ஆன்டிபாடி, இன்னொன்றில் கலந்தது. இரண்டாவதில் கோடு மறைந்தால், ‘சரியான ஆன்டிபாடி’ என்று எழுதிவிடுகிறார்கள்.

அவசரம். கோடு மறைந்தது என்றால், ஆன்டிபாடி அந்தத் துண்டைப் பிடிக்கும் இடத்தாலேயே சவ்விலும் ஒட்டியிருந்தது என்பது மட்டுமே உறுதி. அதுபோன்ற துண்டு வேறொரு புரதத்தில் இருந்து, ஆன்டிபாடி அதில் ஒட்டியிருந்தாலும் கோடு இதேபோல் மறையும். ஏற்பிகளோ செல்லில் மிகக் குறைவு; மிகுதியாக உள்ள வேறு புரதத்தின் கோடு கண்ணில் படுவது எளிது.

2012இல் ஜெர்மனியின் ஹானோவர் ஆய்வாளர்கள், சந்தையில் விற்கும் எச்4 ஆன்டிபாடிகளைச் சோதித்து, அவை எச்4ஐ மட்டும் அடையாளம் காட்டுபவை அல்ல என்று எழுதினார்கள். ஏற்பியே இல்லாத இடத்திலும் அவை ஒட்டின. ஆகவே, எச்4 ஜீன் நீக்கிய எலியின் திசுவில் கோடு தெரிகிறதா என்பதே கடுமையான சோதனை. எலி இல்லாத ஆய்வகம், ஏற்பி புகுத்திய செல்லையும் புகுத்தாத செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கலாம். புகுத்தாத செல்லிலும் அதே கோடு தெரிந்தால், பெப்டைடு என்ன சொன்னாலும் அந்த ஆன்டிபாடியை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.