நட்டம் யார் தலையில்?

செட்டிகுளத்தில் சின்ன வெங்காயத்தைப் பிடுங்கிக் காயவைத்ததும் வீட்டில் பேச்சு தொடங்கிவிடும்: வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா, பட்டறை போட்டுச் சேமித்து வைக்கலாமா? விலை ஏறினால் விதை வெங்காயத்துக்கு வாங்கிய கடன் அடையும். ஏறாவிட்டால் எடை குறையும், அழுகலும் சேரும். இந்த முடிவைப் பெரம்பலூர் மாவட்டத்து உழவர் காலங்காலமாகத் தனியாகவே எடுத்துவருகிறார்.

இதையே ஒரு நிறுவனம் எடுத்தால் என்ன? உழவர்களே பங்கு போட்டு நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு 2002-இல் நிறைவேறிய கம்பெனிச் சட்டத் திருத்தம் வழி திறந்தது. நிறுவனம் நொடித்தாலும் உறுப்பினருக்குப் போவது பங்குத்தொகை மட்டுமே. வீடும் நிலமும் தப்பும். துணிச்சலின் வேர் இதுதான். ஆனால் கடன் தரும் இடத்தில் இயக்குநர்களின் நிலப்பத்திரத்தை ஈடாகக் கேட்டால், சட்டம் தந்த பாதுகாப்பு அங்கேயே போய்விடுகிறது. அப்புறம் எந்த இயக்குநர் வெங்காயத்தை வாங்கி இருப்பு வைக்கச் சம்மதிப்பார்? உரமும் விதையும் விற்றால் போதும் என்றுதான் இருப்பார். அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

கைமுதலையும் பாருங்கள். 2020-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 15 லட்சம் கிடைக்கும். உறுப்பினர் பங்கு 15 லட்சமும் இந்தத் தொகையும் சேர்ந்து 30 லட்சம். கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 60 டன். ஏக்கருக்கு 5 டன் என்றால் வெறும் 12 ஏக்கர் விளைச்சல். ஒரே ஒரு தவறான கொள்முதல் மொத்த முதலையும் தின்றுவிடும்.

பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921-இலேயே பிரித்துக் காட்டினார்: கணக்கிடக்கூடிய ஆபத்து வேறு, கணக்குக்கே சிக்காத நிச்சயமின்மை வேறு. பட்டறையில் எவ்வளவு கழியும் என்பதை அனுபவஸ்தர் சொல்லிவிடுவார். 2023 டிசம்பர் 8-ஆம் தேதி வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வரும், 2024 மே மாதம்தான் விலகும் என்பதை யார் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியும்?

இந்த நிச்சயமின்மையை இயக்குநர்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. அதே 2020 திட்டத்தில், ஈடில்லாமல் வாங்கும் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு உத்தரவாத நிதியும் உண்டு. கடன் திரும்பாவிட்டால் வங்கியின் இழப்பில் பெரும்பகுதியை அந்த நிதி ஏற்கும். உங்கள் நிறுவனத்துக்குக் கடன் கேட்கப் போகிறவர்கள், நிலப்பத்திரத்தை எடுத்து நீட்டுமுன் இந்த உத்தரவாதத்தைக் கேளுங்கள்.