மெழுகில் பதிந்திருந்த விடை

கழுத்தில் நெறி கட்டி, நோவில்லாமல் மாதக்கணக்கில் வற்றாதிருந்தால் எமது கிராமங்களில் முதலில் பற்றுப் போடுவார்கள். பிறகு குளிசை. வைத்தியசாலை கடைசியில்தான்.

நாம் அறிந்த ஒரு விவசாயியின் கதையும் அப்படித்தான். நெறியில் ஒரு துண்டை வெட்டிச் சோதித்தார்கள். முடிவு தெளிவாக இருக்கவில்லை. காசநோயாகலாம் என்று ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். வீக்கம் வற்றவில்லை, அக்குளிலும் ஒன்று புதிதாகக் கிளம்பியது. பெரிய வைத்தியசாலைக்குப் போனபோது அங்கிருந்த வைத்தியர், “மறுபடி வெட்ட முன் பழைய மெழுகுக் கட்டியை எடுப்பியுங்கள்” என்றார். வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எமக்கும் அன்று விளங்கவில்லை.

வெட்டியெடுத்த இழையத்தைப் போமலினில் ஊறவைத்து, நீரகற்றி, பரபின் மெழுகில் பதிக்கிறார்கள். அதிலிருந்து மிக மெல்லிய சீவல்களை எடுத்து, நிறமூட்டி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். மிகுதி மெழுகுக் கட்டி கழிவல்ல. சாதாரண அலுமாரியிலேயே பல்லாண்டு கிடக்கும். 1918இல் இன்புளுவென்சாவால் இறந்த அமெரிக்கப் படைவீரரின் இழையத்திலிருந்து அந்த வைரசின் பரம்பரையலகுத் துண்டுகளை 1997இல் வாசித்துக் காட்டினார்கள் என்றால் பாருங்கள்!

லிம்போமா என்பது நிணநீர்க் குழியங்களில் தோன்றும் புற்றுநோய். அக்குழியங்கள் ஒவ்வொன்றும் சில பரம்பரையலகுகளைத் தன் சொந்த முறையில் வெட்டி ஒட்டி அடுக்கிக்கொள்கின்றன. கிருமியால் வீங்கிய நெறி சந்தைக்கூட்டம் போன்றது: அடுக்குகள் பலவிதம். லிம்போமாவிலோ பெரும்பாலானவை ஒரே தாய்க்குழியத்தின் பிள்ளைகள், அடுக்கும் ஒன்றே. கேரி மல்லிஸ் 1983இல் கண்டறிந்து, 1993இல் நொபெல் பரிசு பெற்றுத்தந்த பீ.சீ.ஆர். முறையால் இந்த வேறுபாட்டைக் காணலாம். அதே கட்டியில் காசநோய்க் கிருமியின் டீ.என்.ஏ.யையும் தேடலாம். ஆனால் இது தனியே தீர்ப்பாகாது. தொற்றிலும் சிலவேளை ஒரே அடுக்கு மேலோங்கித் தெரியும். நோயியல் நிபுணரின் கண்ணும் வேண்டும்.

போமலின் இழையத்தைக் காக்கிறது, டீ.என்.ஏ.யையோ துண்டாக்குகிறது. ஓரிரு நாள் ஊறினால் போதும். வாரக்கணக்கில் கிடந்தால் சோதனைக்கு உதவாது போகலாம். வெறும் தண்ணீரில் போட்டால் அழுகிவிடும். போத்தலை உறவினரிடமே கொடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் இடங்களும் உண்டு. பஸ் இல்லை, நாளை பார்ப்போம் என்று அதை யன்னலோரம் வைத்துவிடாதீர்கள். இழையத்தின் பத்து மடங்காவது போமலின் இருக்கிறதா, பெயரும் திகதியும் ஒட்டியிருக்கிறதா என்று தாதியிடம் கேட்பதில் வெட்கமில்லை.

அந்த விவசாயியின் மனைவி பழைய துண்டை பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். அதிலிருந்த இலக்கத்தைக் கொண்டுதான் கட்டியைத் தேடியெடுத்தார்கள். சோதனையும் மறுவாசிப்பும் லிம்போமாவையே காட்டின. உரிய சிகிச்சை தொடங்கியது. இழந்த ஆறு மாதம் இழந்ததுதான். இவ்வருடம் அவர் மீண்டும் வயலில் இறங்கியிருக்கிறார். துண்டு இன்னும் அந்த டின்னில், காணி உறுதியோடு கிடக்கிறது.