பரணில் கிடக்கும் குரல்கள்: வீட்டு ஒலிப்பதிவுக்கு எந்த மென்பொருள்?

கரோல் பாக்கில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பரண்களில் பழைய கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. கஃபார் மார்க்கெட்டில் வாங்கிய 'டூ-இன்-ஒன்'னில் பாட்டி பாடிய நலங்குப் பாட்டு, ஊரிலிருந்து வந்த மாமா மார்கழிக் குளிரில் சொன்ன கதை, நடுநடுவே பின்னணியில் ஓடும் ஆகாசவாணிச் செய்தி என்று எல்லாம் அதற்குள் இருக்கும். பூசா சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருப்பதால் நம் பிள்ளைகள் எழுத்தைக் கற்க வழி இருக்கிறது. ஆனால் தஞ்சாவூர்ப் பேச்சுக்கும் திருநெல்வேலிப் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் பாடப்புத்தகத்தில் வராது. அதைக் காதால்தான் கேட்க வேண்டும். கேட்கச் சொல்லித்தர வேண்டியவர்களோ பலர் இன்று இல்லை.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய இந்தக் கேசட், காலம் முழுதும் தாங்கும் என்று செய்யப்பட்டதல்ல. பிளாஸ்டிக் நாடாவின் மேல் பூசிய காந்தத்தூள்தான் அதன் உயிர். வெயிலும் ஈரமும் மாறிமாறி வரும் தில்லிப் பரணில் அந்தப் பூச்சு தளர்ந்துபோகும். சி-60 நாடா ஓரளவு தாக்குப்பிடிக்கும். சி-120 மிக மெல்லியது, இழுத்தால் சுருண்டுகொள்ளும். ஆகவே இவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

எந்த மென்பொருளில் மாற்றுவது? "இலவசமாக ஏதாவது இருந்தால் போதுமே" என்பார்கள். இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கடையில் சாம்பார்ப் பொடிப் பொட்டலம் ஒன்றைச் சும்மா கொடுப்பது இலவசம். என்னென்ன சாமான் எந்த அளவு என்று எழுதிக்கொடுத்து, நீயும் அரைத்துக்கொள், மாற்றிக்கொள், பிறருக்கும் கொடு என்பது கட்டற்றது. பிரேசில் நாட்டில் உருவான ஓசன்ஆடியோ நல்ல மென்பொருள்தான், காசும் கேட்பதில்லை. ஆனால் அதன் மூலநிரல் வெளியே கிடைக்காது. செய்தவர்கள் கைவிட்டால் அதோடு முடிந்தது.

இது வெறும் கொள்கைப் பேச்சு அன்று. 2000-க்குச் சற்று முன்னும் பின்னும் பலர் கணினியில் ஏற்றிவைத்திருந்தது கூல் எடிட். 2003-இல் அதை அடோபி வாங்கி ஆடிஷன் என்று பெயர் மாற்றியது. பிற்பாடு வந்த ஆடிஷன் பதிப்புகள், பழைய ஆடிஷனின் செஷன் கோப்புகளை நேரடியாகத் திறக்கவில்லை. பழைய பதிப்பைத் தேடிப்பிடித்து, அதில் திறந்து, வேறு வடிவில் சேமித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. வீட்டில் யாருக்கு அவ்வளவு பொறுமை?

என் சிபாரிசு ஆடாசிட்டி. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் இருவரும் 1999-இல் தொடங்கி, 2000 மே மாதத்தில் வெளியிட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழைய கணினியையும் ரொம்பப் படுத்தாது. 2021-இல் மியூஸ் குழுமம் இதன் பொறுப்பை ஏற்றபோது, பயன்படுத்துவோரைப் பற்றிய தகவல் சேகரிக்கும் திட்டத்தாலும் புதிய தனியுரிமை அறிக்கையாலும் பெரிய சர்ச்சை கிளம்பியது. எதிர்ப்பு வலுத்தபின் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது, அறிக்கையும் திருத்தி எழுதப்பட்டது. அதற்குள் சிலர் அதே மூலநிரலை எடுத்து டெனாசிட்டி என்று தனியாக நடத்தத் தொடங்கிவிட்டார்கள். கட்டற்றது என்பதன் பலன் இதுதான்: வீட்டுக்காரர் மாறினாலும் குடியிருப்பவர் தெருவுக்கு வர வேண்டியதில்லை.

ஆர்டோர் என்றொன்றும் உண்டு. பால் டேவிஸ் உருவாக்கியது. மிருதங்கம், வயலின், வாய்ப்பாட்டு என்று தனித்தனி மைக் வைத்துப் பதிகிறவர்களுக்கு அது அருமை. மூலநிரல் எவருக்கும் கிடைக்கும். நிறுவத் தயாரான பதிப்புக்கு மட்டும் பணம் கேட்பார்கள், கேட்பதில் தப்பும் இல்லை. கேசட் மாற்றுவதற்கு அது தேவையில்லை.

இனி வேலைக்கு வருவோம். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இதற்கான தனித் துளை இல்லை, சின்ன யு.எஸ்.பி. ஒலி அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அதில் 'லைன் இன்' துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மைக் துளையில் செருகினால் ஒலி உடைந்துபோகும். பதிவளவு முள் உச்சத்தில் மோதாமல், மைனஸ் 6 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். ஒலி குறைவாக இருந்தால் பிறகு கூட்டலாம், உடைந்த ஒலியை ஒட்டவைக்க முடியாது.

வினாடிக்கு 44,100 மாதிரி, 16 பிட் என்பது குறுந்தட்டின் தரம். ஒற்றைத் தடத்தில் நிமிடத்துக்கு 5 மெகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகும். ஒரு சி-60 முழுவதும் ஏறக்குறைய 320 மெகாபைட். இன்றைய வட்டுகளுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆகவே மூலப்பதிவை வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் வையுங்கள். ஃபிளாக் 2001-இல் வந்த கட்டற்ற வடிவம். ஒலியில் ஒரு துளியும் இழக்காமல் கோப்பைச் சுருக்கித் தரும். எம்.பி.3 அப்படி அல்ல, காதுக்கு எட்டாது என்று தான் கருதுவதைத் தூக்கி எறிந்துவிடும். அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப அது போதும், பாதுகாக்கப் போதாது.

ஆடாசிட்டியின் திட்டக் கோப்பையே மூலப்பதிவாக நம்பவும் வேண்டாம். 2021-இல் 3.0 பதிப்பு வரும்வரை அது ஒரு சின்னக் கோப்பும் அதோடு ஒரு தரவு உறையுமாகப் பிரிந்திருந்தது. சின்னக் கோப்பை மட்டும் குறுந்தட்டில் ஏற்றிவிட்டு உறையை விட்டவர்களுக்கு மிஞ்சியது மௌனம்தான்.

அடுத்தது இரைச்சல் நீக்கம். எல்லோரும் முதலில் ஓடுவது இதற்குத்தான். யாரும் பேசாத இரண்டு மூன்று வினாடியைத் தேர்ந்து, இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டி, பிறகு முழுப் பதிவிலும் அதைக் கழிக்கச் சொல்ல வேண்டும். நாடாவின் 'ஸ்ஸ்' ஓசை அடங்கும். ஆசைப்பட்டு அளவைக் கூட்டினால் பாட்டி தண்ணீருக்கடியிலிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும். சகரம் முதலில் அடிபடும். தமிழ்க் காதுக்கு அது பெரிய நஷ்டம். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும். தெருவில் காய்கறிக்காரன் கூவுவதும், குக்கர் விசில் அடிப்பதும் இரைச்சலே அல்ல, அந்த வீடு அது. எப்படியிருந்தாலும் நீக்கமெல்லாம் நகலில்தான். மூலத்தில் கை வைக்கக் கூடாது.

பேட்டரி தளர்ந்த நேரத்தில் பதிந்த பாட்டு, இன்று ஒழுங்கான வேகத்தில் ஓடும் கருவியில் கீச்சுக் குரலாய்க் கேட்கும். வேகம் மாற்றும் வசதியால் இதைச் சரிசெய்யலாம். எவ்வளவு என்பதைச் சொல்ல, அந்தக் குரலை நேரில் கேட்ட ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு பக்கத்தில் எட்டுப் பாட்டு இருந்தால், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கண்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்திப் பெயர்ச்சீட்டு வைக்கலாம். யூனிகோடு தமிழிலேயே எழுதலாம். 'பாட்டி பாட்டு 1' என்று எழுதுவதைவிட யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன விசேஷம் என்று எழுதுங்கள். அச்சீட்டுகளே கோப்புப் பெயர்களாகி, பாட்டுகள் தனித்தனியே பிரிந்து வரும்.

அந்த விவரமெல்லாம் கேசட் அட்டையில் இருக்காது. 'மிஸ்லேனியஸ்' என்றோ, கிறுக்கலாக 'கல்யாணம்' என்றோ மட்டும்தான் இருக்கும். அதற்கும் ஆடாசிட்டியில் வழி உண்டு. அம்மாவையோ பெரியப்பாவையோ உட்காரவைத்து, ஹெட்போனில் பழைய பதிவை ஓடவிட்டு, அவர் பேசுவதை மைக் வழியே இரண்டாவது தடத்தில் பதியுங்கள். "இது கும்பகோணத்து அத்திம்பேர், பக்கத்துல சிரிக்கிறது நம்ம ராஜி" என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். மேல்தடத்தில் அன்றைய பேச்சும், அதே வினாடிக்கு நேர்கீழே இன்றைய விளக்கமும் நிற்கும். இரண்டையும் கலக்காமல் தனித்தனி ஃபிளாக் கோப்புகளாக ஏற்றுமதி செய்து, ஒன்றை வீட்டில் வைத்து, இன்னொரு நகலை ஊரிலுள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.