ஃபார்மட் செய்யும் முன் எண்ணைப் பாருங்கள்

வீட்டுக் கணினியில் புதிய மென்பொருளை நிறுவும்போது பாதியில் நின்றுபோய், பிழைச் செய்தி ஒன்று தோன்றுகிறதா? பலர் அதைப் படிக்காமலே மூடிவிட்டு, கணினியைக் கடைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். அங்கே ‘ஃபார்மட்’ செய்துவிட்டால், நகல் எடுத்து வைக்காத குடும்பப் படங்களும் பிள்ளைகளின் பள்ளி வேலைகளும் போய்விடும். அந்தச் செய்தியில் உள்ள எண்ணே பல வேளைகளில் வழியைக் காட்டிவிடும்.

விண்டோஸ் கணினியில் வரக்கூடிய மூன்று எண்கள்:

1618: வேறொரு மென்பொருள் பின்னணியில் நிறுவப்படுகிறது. அது முடியும்வரை பொறுத்திருங்கள். வெகுநேரமாகியும் முடியாவிட்டால் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

1633: உங்கள் கணினிக்குப் பொருந்தாத பதிப்பு. 64 பிட் மென்பொருள் 32 பிட் விண்டோஸில் இயங்காது. ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘அபவுட்’ எனத் திறந்தால் உங்களுடையது எதுவெனத் தெரியும்.

1603: இதற்குக் காரணங்கள் பல. அதே மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறதா, அந்தக் கோப்புறையில் எழுத அனுமதி உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

எண்ணே இல்லையென்றால், வட்டில் போதிய இடம் உள்ளதா எனக் கவனியுங்கள். கோப்பு அரைகுறையாக இறங்கியிருக்கலாம். தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்தே மீண்டும் பதிவிறக்கம் செய்யுங்கள்.

‘வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு நிறுவவும்’ என்ற அறிவுரை திருட்டு மென்பொருளோடு அடிக்கடி வருவது. அதைக் கேட்டால் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லும் களவு போகலாம்.

எதுவும் பலிக்கவில்லையா? கடைக்குப் போகலாம். அதற்குமுன் படங்களை வெளி வட்டில் நகலெடுங்கள். பிழைச் செய்தியையும் கைப்பேசியில் படம்பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.