மெலிந்தால் போதுமா மடிக்கணினி?

திருச்செங்கோட்டு ரிக் வண்டியானாலும் நாமக்கல் லாரியானாலும், பழுதென்று வந்தால் திறந்து பார்த்துச் சரிசெய்கிற பட்டறைகள் நிறைந்த மண் இது. இங்கே வீட்டுக்கு வீடு வந்துவிட்ட மடிக்கணினி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு திறக்கக் கடினமாகிக்கொண்டே போகிறது.

மடிக்கணினியின் முன்னோடிக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. ரமண மகரிஷியின் அன்பரான ஆர்தர் ஆஸ்போர்னின் மகன் ஆடம், சிறுவயதைத் திருவண்ணாமலையில் கழித்தவர். 2003-ல் கொடைக்கானலில் மறைந்தார். 1981 ஏப்ரலில் அவர் அறிமுகப்படுத்திய 'ஆஸ்போர்ன் 1' ஏறத்தாழ 11 கிலோ எடை. 5 அங்குலத் திரை, 64 கேபி நினைவகம், இரண்டு பிளாப்பி டிரைவ்கள். விலை 1,795 டாலர். விமான இருக்கைக்கு அடியில் நுழையும்படி பெட்டியை அமைத்திருந்தார்கள். உள்ளே பேட்டரி கிடையாது. பிளக் பாயிண்ட் இருந்தால்தான் ஓடும்.

அடுத்த ஆண்டே பில் மோக்ரிட்ஜ் வடிவமைத்த 'கிரிட் காம்பஸ்', திரையைக் கீலில் மாட்டி விசைப்பலகைமேல் மடக்கியது. இன்றைய உருவம் அங்கே பிறந்தது. 1991-ல் ஆப்பிளின் 'பவர்புக்' விசைகளைப் பின்னே தள்ளி, முன்னால் கை வைக்க இடம் விட்டது. 2008-ல் காகித உறைக்குள்ளிருந்து 'மேக்புக் ஏர்' வெளிப்பட்டது. அதன்பின் மெலிவே அழகு என்றாகிவிட்டது. மெலிவதற்காகப் பேட்டரியை உள்ளே அடைத்தார்கள். ரேமை மதர்போர்டோடு பற்றவைத்தார்கள்.

2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியது. ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு அதுதான் வீட்டின் முதல் கணினி. அக்காலக் கருவிகளில் பெரும்பாலும் தாழை நகர்த்தினாலே பேட்டரி கழன்று வரும். ஓய்ந்துபோனால் கடைவீதியில் வேறொன்று வாங்கி மாட்டலாம். டவுன் பஸ் நெரிசலையும் புழுதியையும் சித்திரை வெயிலையும் தாங்க வேண்டிய கருவிக்கு அந்த வசதி இன்றும் தேவை.

2025-26 மாநில பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என அறிவித்தார்கள். இத்தனை பெரிய வாடிக்கையாளர் கேட்டால் நிறுவனங்கள் செவிசாய்க்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல், பெரும்பாலான கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். நம் அரசின் டெண்டரிலும் அந்த நிபந்தனை ஏற வேண்டும். பேட்டரி ஓய்ந்ததற்காகப் புதுக்கணினி வாங்க, விசைத்தறிக் கூலியில் பிள்ளையைப் படிக்கவைக்கும் குடும்பத்தால் முடியாது.